மாட்டு டாக்டரின் வண்டி

தெருவில் எல்லோரும் அவளைக் கர்ட்டன்காரம்மா என்பார்கள். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பாள், துணி காட்டுவாள், தைத்து எடுத்துப் போய்த் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவாள். ஆனால் இந்தக் கதை நடந்த அன்று முழுக்க அவளோடு கூடவே இருந்தவள் அவளுடைய நாத்தனார். அவள் கூப்பிடுவது ‘அண்ணி’ என்று. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அண்ணிக்குத் துணி ஒரு பாரமே இல்லை, கம்பிதான் பாரம். ஆளுயரத்தைத் தாண்டி நீளும் கர்ட்டன் கம்பிகளைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றுவதற்குள் கண்டக்டரிடம் பாட்டு வாங்க வேண்டும். இறக்குவதற்குள் மற்றவர்களிடம் வாங்க வேண்டும். ஒருநாள் பஸ் சடாரென்று நின்றதில் கம்பிக்கட்டு முன்னால் பாய்ந்து, ஒரு பெரியவரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு நின்றது. தொப்பிக்கு அடியில் அவர் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த வழுக்கையை பஸ்ஸே பார்த்துவிட்டது. அண்ணிக்கு உயிரே போய்விட்டது. பெரியவர் நிதானமாகத் தொப்பியைக் கம்பியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, “ஏம்மா, ஒண்ணு நீ வண்டி வாங்கு, இல்லேன்னா என்னை வாங்க வை” என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணி நாத்தனாரின் வீட்டு வாசலில் நின்றாள். “எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடு.”

நாத்தனார் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்ப்பவள். அவளிடம் ஓட்டக் கற்றவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனி வீட்டில் இருந்தாள். அண்ணியைவிட வயதில் சிறியவள், வாயில் பெரியவள். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதையே மிதித்து மிதித்துப் பழகிப்போன கால். பஸ்ஸில் போனாலும் சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்த்தாலும், எதிரே ஏதாவது வேகமாக வந்தால் அவளுடைய கால் தரையை ஓங்கி மிதிக்கும்.

அண்ணி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அடுத்து வண்டி தேட ஆரம்பித்தார்கள். கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதெல்லாம் தீப்பெட்டி மாதிரி குட்டிக் கார்கள். கம்பியை ஏற்றினால் கண்ணாடிக்கு வெளியே கொம்பு முளைக்கும். கடைசியில், பின்பக்கம் பெட்டி மாதிரி நீண்ட ஒரு பழைய வண்டி விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தது. விலை படிந்தது. ஓடியிருந்தது மட்டும் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல்.

அண்ணியின் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “மூணு லட்சமா? அது வண்டியா, ரிட்டயர் ஆன ஆளா? அதுக்கு பென்ஷன் குடுத்து வீட்ல உக்கார வெக்கணும். நீ அதை வேலைக்குச் சேத்துக்கப் போறியா?”

“எவ்வளவு ஓடிச்சுன்னு மட்டும் பாத்தா போதுமாண்ணா? எப்படி ஓடிச்சுன்னு பாக்க வேணாமா?” என்றாள் நாத்தனார். “நான் போய்ப் பாக்கறேன். சரியில்லேன்னா அண்ணியை நானே தரதரன்னு இழுத்துட்டு வந்துடறேன்.”

“அவளை இழுத்துட்டு வர்ற ஆளு இன்னும் பிறக்கல” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

*

வண்டிக்காரர் ஒரு மாட்டு டாக்டர். ஊரின் விளிம்பில் வீடு, வீட்டுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி. ஒட்டகம் மாதிரி உயரமான மனிதர். ஒரு தோளைச் சுற்றித் துணிப்பட்டை கட்டியிருந்தார்.

“மாடு ஒண்ணு என்னைச் சுவரோட வெச்சு அமுக்கிடுச்சு” என்றார், மாட்டின் மேல் ஒரு கோபமும் இல்லாமல். “கியர் போடற கை. இனிமே கியரோட மல்லுக்கட்ட முடியாதுன்னுட்டாங்க. அதான் கியர் இல்லாத வண்டிக்கு மாறப் போறேன். இதை ரெண்டு மாசமா நான் தொடவே இல்லை. அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வெக்கறதோட சரி.”

வண்டி வாசலில் நின்றது. மண்ணின் நிறம். நிறமே அதுவா, மண் படிந்து படிந்து அப்படி ஆகிவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றைக்குக் கழுவித் துடைத்து, தலைவாரி, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார வைத்ததுபோல் இருந்தது. உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் எடுத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

நாத்தனார் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

“ஜில்லுன்னு இருக்கு” என்றாள் அண்ணியின் காதில். “நல்லது. சில பேர் நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சிருப்பாங்க. காலையில கிளம்ப எப்படி அடம் பிடிக்குதுன்னு நமக்குத் தெரியக் கூடாதுல்ல?”

பிறகு வேலையை ஆரம்பித்தாள். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடியில் வெள்ளையாக நுரை இருக்கிறதா என்று பார்த்தாள். ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு உருவி, விரலில் தொட்டுத் தேய்த்தாள். குந்தி உட்கார்ந்து நான்கு டயர்களும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று தடவினாள். கதவு இடுக்குகளில் விரல் விட்டு அளந்தாள். ஒரு கதவின் பெயின்ட் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

“இந்தக் கதவு மாத்தினதா டாக்டர்?”

“ஒரு காளை முட்டிடுச்சு.”

“பம்பர்?”

“அது இன்னொரு காளை.”

“உங்களுக்கும் காளைக்கும் அப்படி என்ன பகை?”

“பகையெல்லாம் இல்லீங்க. நான் அதுங்களுக்குப் பண்ற ஆபரேஷன் அப்படி” என்றார் டாக்டர். அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வண்டியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அவளுக்கு அவளுடைய சோதனை இருந்தது. கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். பின்சீட்டை மடக்கினாள். கடைசிக் கதவிலிருந்து முன்சீட்டுகளின் நடுவே வரை டேப்பை இழுத்துப் பிடித்தாள். மிக நீளமான கம்பி படுத்துக்கொண்டு வரும், அதற்கப்புறமும் கையளவு இடம் மிஞ்சும். துணி உருளைகளை இந்த ஓரம் அடுக்கலாம், ஏணியை அந்த ஓரம் சாய்க்கலாம். அவள் மனதுக்குள் வண்டியை நிரப்பிவிட்டாள்.

உள்ளே மெல்லிய மாட்டு வாசனை இருந்தது. வைக்கோல், மருந்து, பால். திரைத் துணியில் ஏறுமோ என்று யோசித்தாள். பையில் போட்டுக் கட்டினால் ஏறாது என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் டிரைவர் சீட்டைப் பார்த்தாள். சீட்டின் ஓரம் நீளமாகக் கிழிந்து, தைக்கப்பட்டிருந்தது. தையல்காரியின் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. வளைந்த ஊசியால் போட்ட தையல். ஒவ்வொரு முடிச்சும் தனித்தனி. ஒரு முடிச்சுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி ஏதோ மெஷினில் அளந்த மாதிரி. இப்படி ஒரு தையலை அவள் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

“இதை யாருகிட்ட குடுத்துத் தெச்சீங்க?”

டாக்டருக்கு முகம் சிவந்தது. “நான்தான் தெச்சேன். மாட்டுக்குப் போடற நூலு. அது ஒண்ணுதான் எனக்குத் தைக்கத் தெரியும்.”

அண்ணி அந்தத் தையலின் மேல் விரலை ஓட்டினாள். எங்கேயும் இழுக்கவில்லை, சுருங்கவும் இல்லை.

நாத்தனார் இதற்குள் சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, “ஓடினது ஓடினபடி காட்டுது, மீட்டரைத் திருப்பல” என்று சான்றிதழ் கொடுத்தாள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி விட்டாள். கால்விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு தடவை இருமியது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. “அண்ணி, பின்னாடி போய்ப் புகை என்ன கலர்னு பாருங்க.”

“கலரே இல்லையே.”

“அப்படித்தான் இருக்கணும்.”

அப்புறம் ஹீட்டரைப் போட்டாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம்.

“இந்த வேக்காட்டுல இது எதுக்கு?” என்றாள் அண்ணி.

“கேப்பீங்கன்னு தெரியும். எஞ்சின் எப்பவாவது ஓவரா சூடானா, இதை முழுசா திறந்து விட்டுட்டா அந்தச் சூடு கொஞ்சம் உள்ள நம்ம பக்கம் வந்துடும். நமக்கு வேகும், எஞ்சின் தப்பிக்கும். வண்டி வாங்கறவங்க யாரும் இதைப் போட்டுப் பாக்கறதில்லை.” முகத்தில் அனல் அடித்தது. அவள் திருப்தியோடு அணைத்தாள்.

*

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தாள், நாத்தனார் பக்கத்தில், டாக்டர் பின்னால் முழங்கால்களை மடக்கிக்கொண்டு. பெரிய வண்டி என்று அண்ணிக்குப் பயம். ஆனால் உயரமாக உட்கார்ந்து பார்க்கும்போது தெருவே அவளுக்குக் கொஞ்சம் பணிந்து போன மாதிரி இருந்தது. ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அண்ணி நிறுத்துவதற்கு முன்பே நாத்தனாரின் கால் தரையை ‘தொம்’ என்று மிதித்தது.

“மாடு உதைச்ச மாதிரி இருக்கே” என்றார் டாக்டர்.

மெயின் ரோட்டைத் தொடும்போது அவருடைய போன் அடித்தது. பேசுவது ஒரு பெண்குரல். சத்தம் முன்சீட்டுவரை கேட்டது. பசுவுக்குக் கன்று வர வேண்டிய நேரம். விடியற்காலையிலிருந்து முக்குகிறது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, மற்றது வரவில்லை.

டாக்டர் போனை வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க. என்னை இப்ப கூட்டிட்டுப் போக ஆளில்லை, உதவிக்கு இருக்கறவன் லீவு. நீங்க எப்படியும் வண்டியை ஓட்டிப் பாக்கத்தான் போறீங்க...”

“அண்ணி, ஓரங்கட்டுங்க” என்றாள் நாத்தனார். இறங்கிச் சுற்றி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அண்ணி கண்ணைத் திறந்து மூடித்தான் பயணம் செய்தாள்.

அந்த ஓட்டத்திலும் நாத்தனார் பரிசோதனையை விடவில்லை. “ரெண்டாவது கியர் கொஞ்சம் முறைக்குதே டாக்டர்.” “ஆமா, அதைக் கொஞ்சம் கொஞ்சித்தான் போடணும்.” ஒரு டிராக்டரைத் தாண்டினாள். “டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?” “போன வருஷம், பில்லு இருக்கு. அந்த மரத்துக்கிட்ட திரும்புங்க.” கல்லும் குழியுமான மேட்டுப் பாதையில் வண்டி தடதடத்தது. “ஷாக் அப்சார்பர் பரவால்ல. இந்த கடகட சத்தம் என்ன?” “அது டூல் பாக்ஸ் மூடி.” “அப்ப இது?” “அது நான். பல்லு அடிக்குது.”

போனில் பேசிய பண்ணைக்காரம்மா ஒல்லியான, வயதான பெண். இவர்களை வாசலிலேயே எதிர்பார்த்து நின்றாள். தொழுவத்தில் செவலைப் பசு ஒன்று பக்கவாட்டில் படுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. அதன் கண்ணைப் பார்த்ததும் அண்ணிக்கு ஏனோ தன் முதல் பிரசவம் நினைவுக்கு வந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் நல்ல கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தார். “ஒரு காலு பின்பக்கமா மடங்கிக் கிடக்கு. கன்னுக்கு உயிர் இருக்கு. மடங்கினதை நிமித்திட்டா வந்துடும். ஒரு கையால முடியாதே... யாராவது இந்தக் காலைப் பிடிச்சுக்கணும். அழுத்திப் பிடிக்கணும், விட்டா உள்ள போயிடும்.”

நாத்தனார் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். ஒருநாளும் மாட்டைத் தொட்டிராதவள். முகத்தைச் சுளித்துக்கொண்டே, அந்த வழுக்குகிற சின்னக் குளம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். “புடிச்சாச்சு. சொல்லுங்க.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். “என் பெட்டி...” என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெட்டி வண்டியில் இல்லை. கயிறு, ஊசி மருந்து, வழுவழுப்புக்கான திரவம் எல்லாம் எப்போதும் அந்த வண்டியின் பின்னாலேயே கிடக்கும். வருடக்கணக்காக அதன் இடம் அதுதான். விற்பதற்காகக் கழுவித் துடைத்தபோது இறக்கி வராந்தாவில் வைத்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பண்ணைக்காரம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டாக்டர் நகர முடியாது. நாத்தனார் கையை எடுக்க முடியாது. எல்லோருடைய பார்வையும் மெல்ல ஒரே பக்கம் திரும்பியது.

“நானா?” என்றாள் அண்ணி.

“நீங்கதான்” என்றாள் நாத்தனார்.

“தனியாவா?”

“வேற யாரையாவது கூட்டிட்டுப் போறீங்களா, மாட்டையா? போங்க அண்ணி. திரும்பற எடத்துல மட்டும் அவசரப்படாதீங்க. ரெண்டாவது கியரை...”

“கொஞ்சித்தான் போடணும். கேட்டுச்சு.”

*

பக்கத்து சீட் காலி. அண்ணி வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு வண்டியைக் கிளப்பினாள். முதல் தடவை அணைந்துபோனது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினாள். “சமத்தா வா தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று வாய்விட்டே சொன்னாள். வண்டி கிளம்பியது.

இறங்கும் பாதையில் நல்லபடியாகப் போனது. மரத்தடியில் திரும்பும்போது நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, யாருமே இல்லாத ரோட்டுக்கு சிக்னல் போட்டுத் திரும்பினாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வந்து சேர்ந்த ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். “அடிச்சுக்கோ, உன் கைதானே வலிக்கும்” என்றாள். வராந்தாவில் பெட்டி இருந்தது. கல் மாதிரி கனம். துணி உருளை தூக்கிப் பழகிய இடுப்பு கைகொடுத்தது. ஏற்றிக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி மேட்டில் ஏறும்போதுதான் பார்த்தாள். வெப்பம் காட்டுகிற முள், இருக்க வேண்டிய நடுவிடத்தை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ தித்திப்பாக ஒரு வாசனையும் வந்தது. போன், தொழுவத்தில் கழற்றி வைத்த கைப்பைக்குள் இருந்தது. கேட்க ஆளில்லை. நிறுத்தினால் அங்கே ஒரு பசு. நிறுத்தாவிட்டால் இங்கே ஒரு எஞ்சின், அதுவும் அடுத்தவருடையது.

முள் சிவப்பை நோக்கி இன்னும் ஒரு நூல் நகர்ந்தது. அண்ணி கையை நீட்டி ஹீட்டரைக் கடைசிவரை திருகினாள். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினாள். காலைக் கொஞ்சம் தளர்த்தினாள். காலடியிலிருந்து அடுப்பு திறந்த மாதிரி அனல் வந்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. “எவ்வளவு சூடு இருக்கோ எங்கிட்ட குடு. நான் தாங்கிக்கறேன். நீ மட்டும் நின்னுடாதே.”

முள் நின்றது. யோசித்தது. பிறகு மனம் மாறியதுபோல மெல்ல இறங்கியது.

தொழுவ வாசலில் அவள் இறங்கியபோது ஆற்றில் முங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாத்தனார் அதே இடத்தில், அதே பிடியில் இருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. அண்ணியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள், வண்டியைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னது இதுதான்: “என்ன இவ்வளவு லேட்டு?”

அடுத்து நடந்தது எல்லாம் கயிறும் சேறும் கூச்சலுமாகப் போனது. டாக்டர் ஊசி போட்டார். உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே மடங்கிய காலை நிமிர்த்தினார். கயிற்றை மாட்டினார். “இப்ப! மாடு முக்கும்போது மட்டும் இழுங்க!” அண்ணியும் நாத்தனாரும் பண்ணைக்காரம்மாவும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு குளம்பு, ஒரு மூக்கு, ஒரு நெற்றி. பிறகு எல்லாம் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வர, மூன்று பெண்களும் வைக்கோலில் மல்லாக்க விழுந்தார்கள்.

கன்று அசையவில்லை. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோலை உள்ளே விட்டுக் கிண்டினார். கன்று தும்மியது. பிறகு தலையை ஆட்டிவிட்டு, தன் முன்னால் கிடந்த நாத்தனாரை முறைத்துப் பார்த்தது.

“என்னடா முறைக்கறே? கால் வலிக்குதா? எனக்கும்தான் கை வலிக்குது” என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு விசித்து விசித்து அழ ஆரம்பித்தாள். அண்ணி அவளை அப்படியே, அந்தச் சேற்றோடும் சளியோடும், தோளில் சாய்த்துக்கொண்டாள்.

*

வண்டிக்கு அடியில், எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் பச்சையாக ஒரு குட்டை மாதிரி தேங்கியிருந்தது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்து நாத்தனார் பானெட்டைத் திறந்தாள். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் கவ்வியின் ஓரத்தில் வெடித்திருந்தது.

டாக்டருக்குத் தலையே நிமிரவில்லை. “சத்தியமா எனக்குத் தெரியாது. ரெண்டு மாசம் சும்மா நின்னதுல ரப்பர் காஞ்சு போயிருக்கணும். இன்னிக்கு மேட்டுல விரட்டினதும் விட்டுடுச்சு. நான் முன்னாடியே பாத்திருக்கணும். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா...” வெடித்த நுனியை வெட்டி, மறுபடி மாட்டி, கவ்வியை முறுக்கினார்கள். பண்ணைக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

குழாயடியில் கை கழுவும்போது நாத்தனார் சொன்னாள். “அண்ணி, இந்த வண்டி வேணாம்.”

“ஏன்? எஞ்சின் நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன். ஆனா வேணாம். கொஞ்ச நாள் பொறுங்க, கம்மியா ஓடினதா பாக்கலாம்.”

“காரணம் சொல்லு.”

நாத்தனார் சோப்பை இரண்டாவது தடவை தேய்த்துக்கொண்டாள். “எத்தனையோ பேருக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்திருக்கேன் அண்ணி. லைசென்ஸ் வந்ததும் ஸ்வீட் பாக்ஸ் குடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒருத்தர் தனியா ஓட்டிட்டுப் போறதை நான் நின்னு பாத்ததே இல்லை. இன்னிக்குத்தான் பாத்தேன், அதுவும் உங்களை. கையில மாட்டுக் காலு, வாசல்ல நீங்க போறீங்க. மரத்துக்கிட்ட திரும்பற வரைக்கும் தெரிஞ்சுது, அப்புறம் தெரியல. டாக்டர் ஏதோ சொல்லிட்டே இருக்காரு, எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. என் கால் பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தம்மா, ‘ஏம்மா, கன்னு போடப்போறது மாடா நீயா’ன்னு கேட்டாங்க.”

அண்ணி சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

“நான்தான் உங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தேன். நான்தான் அண்ணன்கிட்ட சண்டை போட்டேன். எதாவது ஆச்சுன்னா...”

“ஆச்சே” என்றாள் அண்ணி. “சூடாச்சு. முள்ளு ஏறிச்சு. நீ சொன்னதை நான் செஞ்சேன், இறங்கிச்சு. கம்மியா ஓடின வண்டியா இருந்தா ஒண்ணுமே ஆகாதா? அன்னிக்கு ஹீட்டரைப் பத்தி யாரு சொல்லிக் குடுப்பா?”

நாத்தனார் குழாயை மூடினாள்.

“நான் முழுசா சொல்லிடறேன், கேட்டுக்கோ. எனக்கு எஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்த சீட்டுத் தையலைப் பாத்தேன். யாரும் பாக்காத எடத்துல ஒரு கிழிசல். எப்படியோ இழுத்து ஒட்டு போட்டிருக்கலாம். அந்த மனுஷன் உயிருள்ள தோலைத் தைக்கற மாதிரி தெச்சிருக்காரு. அப்படிப்பட்டவர் ஆயில் மாத்தாம விட்டிருப்பாரா? இன்னிக்கே வாங்கலாம்னு சொல்லல. நம்ம மெக்கானிக் அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் பாக்கட்டும். நீ கூடவே நில்லு. நல்லா இருந்தா எனக்கு இந்த வண்டிதான் வேணும்.”

இத்தனை வருடத்தில் அண்ணி அவளுடைய பேச்சை மறுத்துப் பேசியது இதுதான் முதல் முறை. நாத்தனார் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, “டாக்டர்!” என்று கத்தினாள். “வண்டியை எங்க மெக்கானிக்தான் பாப்பாரு. குழாய் எல்லாமே புதுசா மாத்தித் தரணும். உங்க செலவு.”

“தாராளமா” என்றார் டாக்டர். “ஆனா ஒண்ணு. இன்னிக்கு நீங்க பண்ணின உதவிக்கு நான் விலையைக் குறைக்கணும்னு கேட்டுடாதீங்க, நானே குறைக்கறதா இருக்கேன்.”

மெக்கானிக் வண்டியை லிப்டில் ஏற்றி இறக்கினார். எஞ்சினின் மூச்சு வலுவாக இருக்கிறது, அடிப்பக்கத் துரு பெயின்ட் அடித்தால் போகும், பின்பக்க பிரேக் கட்டைகளை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார். நாத்தனார் அவரோடு அடியில் படுத்துக்கொண்டு, இதைப் பார்த்தீர்களா, அதைப் பார்த்தீர்களா என்று துளைத்தெடுத்தாள். கடைசியில் அவர், “ஏம்மா, நீங்களே பாத்துடுங்களேன், நான் போய் டீ குடிச்சுட்டு வரேன்” என்று எழுந்து போய்விட்டார்.

*

வண்டியை எடுத்துவரப் போன அன்று டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். மாட்டை அனுப்பிவைக்கிற மாதிரி. அதற்குமேல் அங்கே நிற்காமல் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டார்.

அண்ணி ஓட்டினாள். வழி நீளம். நாத்தனார் முதலில் கண்ணாடி பார், இடைவெளி விடு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்புறம் பேச்சு டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிற்று, அங்கிருந்து ஏதோ பழைய சண்டைக்குப் போயிற்று. பிறகு ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே நின்றுவிட்டது. அண்ணி திரும்பிப் பார்த்தாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நாத்தனார் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணி வேகத்தைக் குறைத்தாள். குழிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள்.

வீட்டு வாசலில் கணவர் காத்திருந்தார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார், டயரை உதைத்தார், ஜன்னல் வழியாகத் தலையை விட்டு மீட்டரைப் படித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் தங்கையைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எழுப்பட்டுமா?”

“வேணாம், தூங்கட்டும்.”

“உள்ள வந்து படுத்துத் தூங்கலாமே.”

“எழுப்பினா தூக்கம் போயிடும். எத்தனை நாள் களைப்போ?”

அவர் வீட்டுக்குள் போய் ஒரு தலையணை எடுத்துக்கொண்டு வந்தார். கதவை மெதுவாகத் திறந்து, தங்கையின் தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகினார். அவள் ஏதோ முனகிவிட்டு அதில் இன்னும் ஆழமாகப் புதைந்தாள்.

“மாட்டு வாசனை அடிக்குதே” என்று கிசுகிசுத்தார்.

“அடிக்கும்” என்றாள் அண்ணி. “கன்னுக்குட்டி நல்லா இருக்காம். பண்ணைக்காரம்மா போன்ல சொன்னாங்க. ஒருநாள் உங்களையும் கூட்டிட்டுப் போறேன்.”

“இதுலயா?”

“இல்லாம? நடந்தா வருவீங்க?”

அவர் யோசித்தார். பிறகு ஓசைப்படாமல் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து, கால் நீட்ட இடம் போதுமா என்று பார்த்தார். அண்ணியும் மறுபக்கம் ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தாமல் இருவரும் உட்கார்ந்து, முன்னால் தூங்குகிறவள் எழாதபடிக்கு, எந்த நாள் போகலாம் என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.